கச்சேரியிலிருந்து குறிகாட்டுவான் வரை

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றின்கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொரு கிராமப் பிரிவுக்கும் 'ஜே' என்ற எழுத்தோடு ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. அந்த வரிசை, மாவட்டச் செயலகம் அமைந்துள்ள கண்டி வீதியிலோ பட்டினத்தின் நடுவிலோ தொடங்காமல், பஸ்ஸிலும் பின்னர் படகிலும் போனால்தான் எட்டக்கூடிய நெடுந்தீவு மேற்கில் ஜே/1 என்று தொடங்குகிறது. வட மாகாணத்தின் தலைநகரான யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் செலவிடும் மாணவர், அப்பட்டியலை நாள்தோறும் கையாண்டபடியே, அதன் முதல் எண்ணுக்குரிய நிலத்தை ஒருமுறையும் பாராமல் பயிற்சியை முடித்துவிடலாம். இக்கட்டுரை அந்த வாரத்தை வேறு விதமாகக் கழிக்கும் ஒரு பயணத்தைப் பற்றியது: கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் தொடங்கி, பண்ணைத் தாம்போதியைக் கடந்து, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று கோப்புகள் வரும் வழியை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து செல்லும் பயணம் அது.

'பயிலுநர்' என்னும் சொல் இலங்கை அரச அலுவலகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையினரைக் குறிக்கும். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறி, கொழும்பிலுள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்தில் பாடம் கேட்டு, பின்னர் மாவட்டங்களுக்கு அனுப்பப்படும் எதிர்கால உதவிப் பிரதேச செயலாளர்கள் ஒரு வகையினர். வேலையற்ற பட்டதாரிகளாயிருந்து, 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் 50,000க்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டபோது மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் 'பட்டதாரிப் பயிலுநர்' என்ற பெயரில் செயலகங்களுக்குள் நுழைந்தவர்கள் மற்றொரு வகையினர். பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக உள்ளகப் பயிற்சிக்கு வந்து, நாட்குறிப்பு எழுதி, மேற்பார்வை அலுவலரின் ஒப்பத்தோடு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கும் மாணவர்கள் மூன்றாம் வகையினர். முதல் வகையினருக்குக் கதிரையும் மேசையும் காத்திருக்கின்றன; இரண்டாம் வகையினருள் பலருக்குச் சில அலுவலகங்களில் கதிரை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது; மூன்றாம் வகையினர் யாருடைய கதிரை அன்று காலியாக இருக்கிறதோ அதில் அமர்வர்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேண்டும் என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி இம்மூவகையினருக்கும் பொருந்தும். அரச உத்தியோகத்தின் மீதான இந்தப் பற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆறுகளற்ற, கிணற்று நீரை நம்பிய, காணி குறைந்த குடாநாட்டிலும் அதைவிட வறண்ட தீவுகளிலும், மிஷன் பாடசாலைகள் கொடுத்த ஆங்கிலம்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பெருமளவு காசு தரும் பயிராக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், அப்பழமொழியில் கேலியைவிடக் கணக்கே மிகுதி என்பது விளங்கும். கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் இருந்தவர்கள் மாதந்தோறும் அனுப்பிய பணத்தைக் கொண்டு ஊர்களில் கல்வீடு எழுந்ததால், அக்காலப் பொருளியலைக் 'காசுக்கட்டளைப் பொருளாதாரம்', அதாவது தபால்வழி வரும் பணத்தில் நடக்கும் வாழ்க்கை, என்று ஆய்வாளர்கள் அழைத்தனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அந்த வழியின் வாயிலை ஒடுக்கியது. அதன் பின்னர் அரச உத்தியோகம் என்பது யாழ்ப்பாணத்தில் வருமானம் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

மாவட்டச் செயலகத்தை முதியோர் மட்டுமல்ல, இளையோரும் கச்சேரி என்றே சொல்கின்றனர். 1829 முதல் 1867 வரை வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் உருவாக்கிய பழைய பூங்கா அருகே, போரில் சிதைந்த பழைய கச்சேரியின் சுவர்கள் நிற்க, புதிய செயலகம் அதன் பக்கத்தில் இயங்குகிறது. 'அரசாங்க அதிபர்' என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு மாகாணத்தின் வரி, காணி, வீதி, சிறைச்சாலை, பஞ்சம், பெருநோய் ஆகிய அனைத்துக்கும் பொறுப்பான அலுவலரின் பதவிப்பெயர். இன்று மாவட்டச் செயலாளருக்கு அது இரண்டாவது பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒரே மாகாணத்தை ஒருவரே ஆள்வது இன்றைய இடமாற்ற ஒழுங்குகளில் நினைத்தும் பார்க்க முடியாதது. டைக்குக்குப் பின் சிறிது காலத்தில் பொறுப்பேற்ற வில்லியம் துவைனமும் 1869 முதல் 1896 வரை இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் பெரும்பாலும் இரண்டு மனிதர்களின் பழக்கவழக்கங்களால் ஆளப்பட்டது என்று சொல்லலாம்.

அக்கச்சேரிக்கும் பயிலுநர்கள் வந்தனர். இலங்கைக் குடியியல் சேவையின் கடைநிலையில் 'கடேற்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள், இங்கிலாந்தில் பரீட்சை எழுதித் தேறியதும் ஒரு மாகாணத் தலைநகருக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே உள்ளூர் மொழியும் சட்டமும் கணக்கும் கற்று மேலும் பரீட்சைகளில் தேறவேண்டியிருந்தது. போட்டிப் பரீட்சை வழியாக அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர், 1875இல் தேறிய பொன்னம்பலம் அருணாசலம். அவருக்கு 30 ஆண்டுகளுக்குப் பின்னர், 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்த கடேற் லெனார்ட் வூல்ஃப். வடக்குப் புகையிரதப் பாதை அப்போது முழுமையடையாதிருந்ததால் அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டுவண்டித் தபாற்கோச்சில் வந்து சேர்ந்த அவர், வோல்தேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் உடன் கொண்டுவந்தார் என்பது இலக்கிய வாசகர்கள் பலரும் அறிந்த செய்தி. நிர்வாகம் படிப்போர் அறிய வேண்டியது வேறு: 24 வயதுப் பயிலுநர் ஒருவர் கோட்டை மதிலின் மேலிருந்த பங்களா ஒன்றில் சக அலுவலரோடு தங்கி, நாள் முழுதும் அனுமதிப் பத்திரங்களில் ஒப்பமிட்டும் முறைப்பாடுகளைக் கேட்டும் அலுவலகத்தை இயக்கப் பழகியதும், வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போகவேண்டும் என்று பின்னர் பிடிவாதம் பிடித்து எழுதுவினைஞர்களின் வெறுப்பைச் சம்பாதித்ததும்தான் அது.

1961இல் வெளியான 'குரோயிங்' என்னும் தம் நினைவுநூலில் வூல்ஃப் சொல்லும் செய்திகளுள் ஒன்று இன்றைய பயிற்சி வகுப்புகளில் பாடமாக வைக்கத் தக்கது. குதிரையில் அமர்ந்தவாறு, தம் மேலதிகாரிக்கு ஒரு கட்டடத்தைச் சவுக்கால் சுட்டிக்காட்டிய வேளையில், எதிரே வண்டியில் வந்த வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே அடித்ததாக யாழ்ப்பாணத்தில் முறைப்பாடு எழுந்து, அது ஆளுநர் வரை போனது. அடிக்கவில்லை என்று வூல்ஃப் விளக்கம் எழுதினார்; ஆனால் அந்த ஊரின் வீதியில் அப்படிக் குதிரைமேல் அமர்ந்திருந்ததே ஒரு வகையில் முகத்தில் அடித்ததற்கு ஒப்பானது என்று பிற்காலத்தில் அவர் எண்ணிப் பார்த்தார். குடியேற்ற ஆட்சியின் நேர்மையான அலுவலருக்கும் அந்த ஆட்சியின் உயரத்திலிருந்து இறங்க வழியில்லை என்பதை உணர அவருக்கு யாழ்ப்பாணமும் கண்டியும் அம்பாந்தோட்டையும் என ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1911இல் விடுமுறையில் சென்றவர் சேவைக்குத் திரும்பவில்லை.

வூல்ஃப் தங்கிய கோட்டையின் அடியிலிருந்துதான் தீவுகளுக்கான வீதி இன்றும் புறப்படுகிறது. 776ஆம் இலக்க பஸ் யாழ்ப்பாணம் மத்திய நிலையத்திலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறியதும், இருபுறமும் முழங்காலளவு நீரில் நாட்டிய தடிகளும் அவற்றில் விரித்த சிறகுவலைகளும் வரிசையாகத் தெரிகின்றன. காலை பஸ்ஸில் ஆசிரியர்கள், தாதியர், பிரதேச செயலக அலுவலர்கள், அவர்களுக்கு நடுவே கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேர்ட்டுமாகப் பயிலுநர்கள் என்று அரச சேவையே பெரும்பாலும் பயணம் செய்கிறது; எதிர்த்திசையில் வரும் பஸ்ஸில் அச்சேவையைத் தேடிப் போகும் மக்கள் இருக்கின்றனர். தீவுகளின் நிர்வாகத்தை விளக்க இந்த இரண்டு பஸ்களும் பண்ணையில் ஒன்றையொன்று கடப்பதே போதும். பட்டினத்தில் வாழும் அலுவலர் தீவுக்கும், தீவில் வாழும் குடிமக்கள் பட்டினத்துக்கும் ஒரே வேளையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று வீதி நீள்கையில், கூரையிழந்த கல்வீடுகள் அடுத்தடுத்து வருகின்றன. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் இத்தீவுகளின் மக்கள் பெரும்பாலானோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்து, அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் போனார்கள், திரும்பியோர் சிறுதொகையினர். காசுக்கட்டளை எழுப்பிய வீடுகள் இவை. ஆளில்லாத காணியில் அரச அலுவலகத்துக்கு வேலை குறைவு என்று எண்ணும் பயிலுநர், வேலணைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அரை நாள் இருந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார். வெளிநாட்டிலுள்ள உரிமையாளர், தம் சார்பில் செயற்படும் அதிகாரத்தை ஒருவருக்கு எழுத்தில் கொடுக்கும் 'அற்றோணித் தத்துவம்', எல்லைக்கல் பிடுங்கப்பட்ட வேலிகள், பாட்டனார் பெயரிலேயே நின்றுவிட்ட உறுதிகள், பரப்புக் கணக்கில் எழுதிய பழைய உறுதியை ஹெக்டேயரில் கேட்கும் படிவங்கள் என்று வராதவர்களின் கோப்பு வந்தவர்களின் கோப்பைவிடத் தடித்திருக்கிறது.

அக்கோப்புகளைப் படிப்பதற்குத் தேசவழமை தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை, சீதனம், அடைமானம், காணியை விற்குமுன் பங்காளிக்கும் அயலவருக்கும் அறிவிக்கவேண்டிய கடமை ஆகியவற்றைக் கூறும் வழக்குச் சட்டமே தேசவழமை. ஒல்லாந்த அலுவலர் கிளாஸ் ஈசாக்ஸ், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பெற்ற அறிவைக் கொண்டு 1707இல் அதை எழுத்தில் தொகுத்துக் கொடுக்க, 12 தமிழ் முதலிமார் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். ஒரு வாரப் பயிற்சியில் எவ்வளவு கற்கலாம் என்று கேட்போர், இந்த ஒரு தொகுப்புக்குப் பின்னால் எத்தனை ஆண்டுக் கேள்வியறிவு இருந்தது என்பதையும் கேட்கலாம்.

வேலணையிலிருந்து கிளைவீதி ஊர்காவற்றுறைக்குப் போகிறது. தீவகம் வடக்கு என்னும் பிரதேச செயலகம் இங்குள்ளது. எழுவைதீவும் அனலைதீவும் கூட இதன் ஆளுகைக்குள் அடங்கும். நீதிமன்றம், ஆதார வைத்தியசாலை, பழைய தேவாலயங்கள், ஒடுங்கிய கடைத்தெரு என்று ஒரு துறைமுகப் பட்டினத்தின் உறுப்புகள் அனைத்தும் இருந்தும் துறைமுகம் மட்டும் இல்லாத ஊராக அது காட்சியளிக்கிறது. எதிரே கடலின் நடுவில் ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் சிறைச்சாலையாகவும் பயன்பட்ட அக்கோட்டையைக் கடற்படை இன்று உல்லாச விடுதியாக நடத்துகிறது. கரையிலிருந்து காரைநகருக்கு மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை ஊரவர் 'பாதை' என்கின்றனர். பாதை பழுதுபட்டு நின்றுவிட்டால், கண்ணுக்கெதிரே தெரியும் காரைநகருக்கு யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் போகவேண்டும். அப்படிப்பட்ட நாளில் செயலகத்துக்கு வரும் முறைப்பாடுகளின் தொனியே வேறு.

ஊர்காவற்றுறையின் பழம்பெருமைக்குச் சான்று ஊர்காவற்றுறையில் இல்லை, நயினாதீவில் இருக்கிறது. பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது, பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் அதைப் படித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறைக்கு) வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படவேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்கால் பங்கு உடையவனுக்கும், வணிகப் பண்டம் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் என்று விதிக்கிறது. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை கூடுதல். இன்றைய சுங்கத் தீர்வை அட்டவணையை வகுப்போருக்கு இந்த ஏரணத்தில் புதிதாக எதுவும் தெரியாது. சிங்கள மன்னனின் ஆணை, அதைப் படிக்கவேண்டியவர்களின் மொழியில், அவர்கள் கப்பல் அடையும் கடற்பகுதியிலேயே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது பயிலுநர் நின்று பார்க்கவேண்டியது. எட்டரை நூற்றாண்டுக்கு முந்திய சுற்றறிக்கை அது. தமிழ் மாவட்டத்துக்குச் சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் களைத்த எழுதுவினைஞர் எவரும் அதன் அருமையை உடனே அறிவார்.

புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கு ஏறத்தாழ கால் மணி நேரக் கடல். அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே சிறுதீவில் இருப்பதால், தமிழ் அடியாரும் தென்னிலங்கைச் சிங்கள யாத்திரிகரும் ஒரே படகில் உயிர்காப்பு அங்கி அணிந்து நெருங்கி உட்கார்ந்து வருகின்றனர். ஆனி மாதத்து மகோற்சவத்துக்கு முன்னர், படகு, குடிநீர், சுகாதாரம், பொலிஸ், பஸ் என்று எல்லாத் திணைக்களங்களையும் ஒரே மேசையில் கூட்டும் முன்னாயத்தக் கூட்டம் நடைபெறும். ஓர் அரசு எப்படி இயங்குகிறது என்பதை மாணவர் ஒருவர் குறைந்த நேரத்தில் காணவேண்டுமாயின் அத்தகைய கூட்டமொன்றில் பின்வரிசையில் அமர்வதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஒவ்வொரு திணைக்களமும் தன் பொறுப்பை அடுத்த திணைக்களத்தின் எல்லை வரை மிகத் துல்லியமாக வரையறுப்பதை அங்கே கேட்கலாம். திருவிழாக் கூட்டம் கலைந்த பின்னர் எஞ்சும் நயினாதீவு வேறு: அதற்குத் தனிப் பிரதேச செயலகம் கிடையாது, அது வேலணையின்கீழ் வருகிறது. ஆகவே விதானையார் ஒப்பமிட்ட வதிவிடச் சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு படகும் ஒரு பஸ்ஸும் தேவைப்படுகின்றன.

'விதானையார்' என்பது கிராம அலுவலருக்கு மக்கள் வழங்கும் பழைய பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கிராமத்துக்கு விதானை, அவருக்கு மேல் உடையார், பற்றுக்கு மணியகாரர் என்று படிநிலை இருந்தது. தீவுப்பற்றுக்கும் மணியகாரர் இருந்தார். ஊரில் காணியும் சாதிச் செல்வாக்கும் உடைய குடும்பங்களிலிருந்தே இப்பதவிகள் நிரப்பப்பட்டமையால், அரசின் முகமும் ஊர்ப் பெரியவரின் முகமும் ஒன்றாகவே இருந்தன. 1963இல் அம்முறை ஒழிக்கப்பட்டுப் போட்டிப் பரீட்சையில் தேறிய கிராம சேவகர்கள் வந்தனர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளர்களுக்குக் கைமாற்றியது. அதிகாரம் ஊருக்கு அருகே வந்தது என்று பாடநூல் சொல்லும். தீவுகளைப் பொறுத்தவரை அது பண்ணைப் பாலத்தைக் கடந்து வந்தது, எல்லாக் கடலையும் கடந்து வரவில்லை.

கடலைக் கடந்து தனக்கெனச் செயலகம் பெற்ற தீவு நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பும் ஆறு கிராம அலுவலர் பிரிவுகளும் நாலாயிரத்தை அண்மிய மக்களும் கொண்ட அத்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகில் போகவேண்டும். குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர்களை அலுவலர்கள் சொல்லும் விதத்திலேயே அன்றைய நாளின் தலைவிதி தெரிந்துவிடும். எது ஓடுகிறது, எது திருத்தத்துக்குப் போயிருக்கிறது என்பதே காலையின் முதற்கேள்வி. குமுதினி என்ற பெயரை நெடுந்தீவார் வெறும் படகின் பெயராகச் சொல்வதில்லை. 1985 மே 15 அன்று அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவில் நினைவுகூரல் நடக்கிறது. பின்னரும் திருத்தப்பட்ட அதே படகில் மக்கள் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பயணம் செய்தனர் என்பதை, சேவையின் தொடர்ச்சி என்று அறிக்கைகளில் எழுதிப் பழகிய கை சற்றுத் தயங்கியே எழுதும்.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளித்து, படகின் மேல்தட்டில் இருப்பவர்கள் நனைந்தே இறங்குவர்; கோப்புகள் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டுப் பயணிக்கும். மாவலித்துறையில் இறங்கிய அலுவலர்கள் லாண்ட்மாஸ்ரர் என்னும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ செயலகம் சேர்ந்து, வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு, மின்விசிறியின்கீழ் உடை காய்வதற்குள் மக்கள் வந்துவிடுகின்றனர். பின்னேரப் படகு புறப்படும் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகையால், மதியத்துக்குப் பின்னர் மேசையில் வைக்கப்படும் விண்ணப்பத்தைப் பார்க்கும் கண்கள் கடிகாரத்தையும் சேர்த்தே பார்க்கின்றன. அலுவலரைக் குறை சொல்வதில் பயனில்லை. விடுதியில் தங்குவோரும் உண்டு, நாள்தோறும் இரு கரையையும் தொடுவோரும் உண்டு, பின்னையவருக்கு ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் வழியிலேயே போகிறது. அரச சேவையில் 'கஷ்டப் பிரதேசம்' என்று வகைப்படுத்தப்படும் இடங்களுக்கு இடமாற்றம் கிடைத்தவர்கள், அங்கிருந்து வெளியேறும் இடமாற்றத்துக்கான விண்ணப்பத்தையும் விரைவிலேயே எழுதத் தொடங்குவது வியப்பன்று. வியப்பு என்னவென்றால், அவ்விடங்களில் பிறந்தவர்களுக்கு அப்படியொரு விண்ணப்பப் படிவம் இல்லை என்பது அலுவலகப் பேச்சில் அரிதாகவே எழுகிறது.

தீவின் மேற்பரப்பு முழுதும் பவளக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, சாந்து பூசாத வேலிமதில்கள். பனைவெளிக்கும் புற்றரைக்கும் நடுவே கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தனர். 1697இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொமாண்டர் ஸ்வார்டகுரோன் எழுதிய பொறுப்பளிப்புக் குறிப்பில் தீவுகளின் குதிரை வளர்ப்பும் ஒரு விடயம். பதவியை விட்டுப் போகும் அலுவலர், தமக்குப் பின் வருபவருக்காக மாகாணத்தின் நிலையை நீளமாக எழுதி வைக்கும் அவ்வழக்கம் ஒல்லாந்தர் நிர்வாகத்தின் சிறந்த பண்பு. இன்றைய பயிலுநரின் நாட்குறிப்பு அதன் மிக எளிய வடிவம் எனலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற ஆங்கில அலுவலர் தீவின் பொறுப்பில் இருந்தார். பின்னர் குதிரைப் பண்ணை கைவிடப்பட, குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. வறட்சிக் காலத்தில் அவற்றுக்கு நீர் கொடுப்பது எந்த நிறுவனத்தின் கடமை என்பது செயலகத்தில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி. மனிதருக்கான குடிநீருக்கே சாறாப்பிட்டியின் பழைய நன்னீர்க் கிணறுகளையும் உவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தையும் நம்பியிருக்கும் தீவில், அக்கேள்வி சுற்றுலாப் பிரசுரங்கள் காட்டும் அளவுக்கு அழகானதாக இல்லை.

இந்தச் சிறு செயலகத்தின் ஆளுகைக்குள் கச்சதீவும் அடங்குகிறது. 1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டால் இலங்கையின் பக்கத்தில் வரையப்பட்ட, சுமார் 285 ஏக்கர் கொண்ட, நிரந்தரக் குடிகளற்ற அத்தீவில், தவக்காலத்தில் நடைபெறும் அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அடியார்கள் வருகின்றனர். தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் பெரும் குரலில் ஒலிக்கும் அந்தப் பெயர், நெடுந்தீவுச் செயலகத்தில் கழிப்பறை, குடிநீர்த் தாங்கி, படகு எண்ணிக்கை, உணவுப் பொதி என்ற தலைப்புகளின்கீழ் இருக்கிறது. அதேபோல், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான சூரிய, காற்று மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்ததால் நிறுத்தப்பட்டு, 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் மீண்டும் ஒப்பந்தமானது. இரண்டு வல்லரசுகள் பாக்கு நீரிணையில் பலம் பார்த்த கதை என்று உலகச் செய்தித்தாள்கள் அதை எழுதின. தீவில் அதன் பொருள், டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருக்கும் வாழ்க்கை மேலும் சில ஆண்டுகளுக்கு நீண்டது என்பதே.

தூரத்தின் செலவை யார் சுமப்பது என்பதே இவ்வழி முழுதும் பயிலுநரின் கண்ணில் படும் கேள்வி. கணினியில் ஏற்றப்பட்ட பிறப்புப் பதிவின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறும் வசதி வந்த பின்னர் ஒரு சுமை குறைந்தது. ஆண்டில் ஓரிரு முறை கச்சேரியும் திணைக்களங்களும் மேசைகளோடு தீவுக்கே வரும் 'நடமாடும் சேவை' இன்னொரு சுமையைக் குறைக்கிறது. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, காணி, ஓய்வூதியம், 2023இல் சமுர்த்தி உதவித்தொகையின் இடத்துக்கு வந்த அஸ்வெசும கொடுப்பனவு பற்றிய மேன்முறையீடு என்று பாடசாலை மண்டபத்தில் வரிசைகள் நிற்க, படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் பயிலுநருக்கே விழுகிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையால் மூன்று பத்திரங்களில் மூன்று ஆட்களாகப் பதிவான முதியவரை ஒரே ஆளாக்கும் வேலை, பட்டினத்து அலுவலகத்தில் கோப்பு ஒழுங்குபடுத்துவதைவிட நிர்வாகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லித்தரும். ஆனால் நடமாடும் சேவையும் பின்னேரப் படகுக்கு முன்னர் மேசைகளை மடித்துவிடுகிறது.

ஆகவே பயிற்சி வாரத்தை வகுப்போர் ஒரு மாற்றம் செய்யலாம்: ஐந்து வேலை நாளில் ஓர் இரவாவது பயிலுநர் நெடுந்தீவு விடுதியில் தங்கும்படி ஒழுங்கு செய்வது. படகு போன பின்னரே, தொழிலுக்குப் போய்க் கரை திரும்பிய கடற்றொழிலாளர், மாடு சாய்த்துக் கட்டியவர், பகலில் பிள்ளைகளை விட்டு வரமுடியாத தாய் ஆகியோர் விதானையார் வீட்டு வாசலுக்கு வருகின்றனர். கந்தோர் நேரத்துப் பதிவேட்டில் அவர்களின் பெயர்கள் இருப்பதில்லை. ஜே/1இலிருந்து ஜே/6 வரையிலான வேலையில் ஒரு பெரும் பங்கு அந்த வாசலிலேயே, கைவிளக்கு வெளிச்சத்தில், முழங்காலில் வைத்து எழுதிய விண்ணப்பங்களாக நடக்கிறது. அவை அடுத்த நாள் காலைப் படகில் பொலித்தீன் பைக்குள் கச்சேரிக்குப் போகும்.